ஆயாவுக்கு ஒரு போட்டோ: ஆலங்காயத்தில் என் முதல் கேமரா தேடல்!

ஆலங்காயத்தில் எங்கள் ஆயா வீட்டுக் கூடத்தில் தாத்தாவின் படம் மாட்டியிருக்கிறது. அதில் அவர் கறுப்புக் கோட்டும் சிவப்பு டையும் போட்டிருப்பார். உயிரோடு இருந்தவரை தாத்தா கோட்டைத் தொட்டதே இல்லை. நாலு முழ வேட்டி, தோளில் ஒரு துண்டு, அவ்வளவுதான். அவர் இறந்த அன்று வீடு முழுக்கத் தேடியும் ஒரு நல்ல படம் கிடைக்கவில்லை. கடைசியில் வாக்காளர் அட்டையில் இருந்த தபால்தலை சைஸ் படத்தை ஸ்டுடியோவில் கொடுத்தோம். முகத்தை மட்டும் வெட்டி, யாருடைய கோட்டு மேலேயோ ஒட்டி, பின்னால் நீலத் திரை போட்டு, பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட்டார்கள். பெரிதாக்கியதில் தாத்தாவின் கண்கள் கரைந்துபோயிருந்தன. மாலை போட்டு மாட்டிவிட்டோம்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஆயா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"பாப்பா, நீ பத்திரிகையிலதான கீற? என்னை ஒரு நல்ல போட்டோ எடுத்து வெச்சிடு. இல்லன்னா உங்க தாத்தாவுக்குப் பண்ண மாதிரி எனக்கும் கோட்டு மாட்டி வுட்டுடப் போறானுங்க."

எல்லோரும் சிரித்தோம். ஆயா சிரிக்கவில்லை. அவருக்கு வயது 79.

பத்திரிகையில் இருக்கிறேன் என்பது உண்மைதான். ஆனால் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை. பேட்டி, ரீல்ஸ், லைவ் எல்லாமே போனில்தான். கேமரா என்ற ஒன்றைச் சொந்தமாகக் கையில் பிடித்ததே கிடையாது. ஆயாவின் பேச்சைக் கேட்ட பிறகுதான் முதல் கேமரா வாங்குவது என்று முடிவெடுத்தேன். எதை வாங்குவது? அதைத் தெரிந்துகொள்ள ஒரு மாசி மாத வாரக்கடைசியில் மறுபடியும் ஆலங்காயத்துக்கே கிளம்பினேன். உங்களில் யாராவது முதல் கேமரா வாங்கும் யோசனையில் இருந்தால் என்னோடு வாருங்கள். அப்படியே ஜவ்வாது மலையையும் ஒரு சுற்று பார்த்துவிடலாம்!

40,000 ரூபாய்: கேமராவா, நகைச்சீட்டா?

சம்பளத்தில் மிச்சம் பிடித்த 40,000 ரூபாய் கையில் இருந்தது. "தங்கம் விக்கிற விலைக்கு அந்தக் காசுல நகைச்சீட்டு கட்டுனா நாளைக்கு உனக்குத்தான் ஆகும். போன்லதான் எல்லாம் எடுக்குதே, தனியா கேமரா எதுக்கு?" என்றார் அம்மா. அம்மாவின் கேள்வியில் நியாயம் இருந்தது. என்னிடம் பதில் இல்லை.

இணையத்தில் தேடினால் தலை சுற்றியது. 24 மெகாபிக்சல், 45 மெகாபிக்சல், டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ், ஃபுல் ஃபிரேம், ஏபிஎஸ்-சி... எங்கள் அலுவலகத்தின் போட்டோகிராபர் அண்ணனிடம் போய் நின்றேன். அவர் எந்த மாடல் பெயரையும் சொல்லவில்லை. மூன்றே கேள்விகள் கேட்டார்.

"எதை எடுக்கப் போற? எந்த வெளிச்சத்துல எடுக்கப் போற? எடுத்த படத்தை எங்க பார்க்கப் போற, போன்லயா, பிரின்ட் போட்டா?"

"எங்க ஆயாவை. அவங்க வீட்டுக்குள்ள. பிரின்ட் போட்டு மாட்ட."

அண்ணன் அலமாரியைத் திறந்து தன்னுடைய பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றை எடுத்தார். அதோடு இரண்டு லென்ஸ். ஒன்று, கேமரா வாங்கும்போது கூடவே வரும் 18-55 மி.மீ. ஜூம். இன்னொன்று, ஜூம் செய்ய முடியாத குட்டி 50 மி.மீ. லென்ஸ். "ரெண்டு நாள் வெச்சிருந்து எடுத்துப் பாரு. அப்புறம் காசைச் செலவு பண்ணு" என்றார். ஒரு டிரைபாடையும் தோளில் மாட்டிவிட்டார்.

வெயிலில் போனுக்கே வெற்றி

ஆலங்காயம், திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலையின் மேற்கு அடிவாரத்தில் இருக்கும் பேரூராட்சி. 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது இந்தப் பக்கம் புது மாவட்டமானது. ரயிலில் வாணியம்பாடியில் இறங்கி பஸ் பிடித்தால் ஊருக்குள் நுழையும்போதே கிழக்கே மலை எழுந்து நிற்கும். மலையிலிருந்து புளி, தேன், சாமை, பலா என்று பருவத்துக்கு ஒன்று கீழே இறங்கி வரும். நான் போனபோது புளிக்காலம். தெருவுக்குத் தெரு சாக்கு விரித்துப் புளியம்பழத்தை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

இறங்கியதுமே சோதனையை ஆரம்பித்தேன். பஸ் நிறுத்தம், பூக்கடை, மலை, சாக்கில் குவிந்த புளி என ஒவ்வொன்றையும் போனில் ஒன்று, கேமராவில் ஒன்று எடுத்தேன். மாமா வீட்டுக்குப் போய் எல்லோரிடமும் காட்டினேன்.

"போன்ல எடுத்ததுதான் பளிச்சுனு கீது" என்று மாமா ஒரே போடாகப் போட்டார்.

எனக்குச் சப்பென்று ஆனது. ஆனால் மாமா சொன்னது சரி. பட்டப்பகல் வெயிலில் வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. அங்கே இன்றைய போன் சளைக்காது. ஒரு முறை தொடும்போது போன் பல படங்களை வேகமாக எடுத்து, நிழலைக் கொஞ்சம் தூக்கி, வானத்தை நீலமாக்கி, எல்லாவற்றையும் ஒன்றாகத் தைத்துக் கொடுத்துவிடுகிறது. ஊர் சுற்றிய படங்களை வாட்ஸ்அப்பில் போடுவதுதான் உங்கள் தேவை என்றால், தாராளமாகப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். அம்மா சொன்ன நகைச்சீட்டே மேல்.

அடுப்படியில் தோற்ற இரண்டு கருவிகள்

ஆயா வீடு பழைய ஓட்டு வீடு. அடுப்படியில் ஒரே ஒரு சின்ன சன்னல். சாயங்காலம் ஆயா கேழ்வரகுக் களி கிளறிக்கொண்டிருந்தார். இதுதான் ஆயா, இப்படித்தான் எடுக்க வேண்டும் என்று தோன்றியது.

முதலில் போன். படம் வெளிச்சமாகத்தான் வந்தது. ஆயாவிடம் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"இது யாரு? மூஞ்சில ஒரு கோடு கூட இல்ல. கோட்டு போடல, அவ்ளோதான் வித்தியாசம்."

பெரிதாக்கிப் பார்த்தேன். இருட்டில் படத்தில் வரும் புள்ளி புள்ளியான இரைச்சலை மறைக்க, போன் எல்லாவற்றையும் மழமழவென்று தேய்த்துவிட்டிருந்தது. அத்தோடு முகத்தை அழகாக்கும் வசதியும் என் போனில் தானாகவே ஆன் ஆகியிருந்தது. 79 வருடச் சுருக்கங்கள் ஒரே நொடியில் காணாமல் போயிருந்தன.

அடுத்து கேமராவில் 18-55 லென்ஸைப் போட்டு எடுத்தேன். இன்னும் மோசம். களி கிளறும் கை புகை மாதிரி கலங்கி வந்தது. முகமும் தெளிவில்லை. 50 மி.மீ. வரை ஜூம் செய்தால் அந்த லென்ஸின் வாய் எஃப் 5.6 அளவுக்கு மேல் திறக்காது. வெளிச்சம் போதாமல் கேமரா எட்டில் ஒரு விநாடி வரை திறந்தே இருந்திருக்கிறது. அதற்குள் ஆயாவும் அசைந்தார், என் கையும் அசைந்தது.

வீட்டுக்குள் படம் எடுக்கும்போது நமக்கு வெளிச்சம்தான் காசு. அதை மூன்று வழியில் சம்பாதிக்கலாம். லென்ஸின் வாயைப் பெரிதாகத் திறக்கலாம். அதிக நேரம் திறந்து வைக்கலாம். இல்லையென்றால் ஐஎஸ்ஓ என்ற எண்ணைக் கூட்டிக் கிடைத்த வெளிச்சத்தை ஊதிப் பெரிதாக்கலாம், அதில் இரைச்சலும் சேர்ந்தே பெரிதாகும். பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் மெகாபிக்சல் இந்தக் கணக்கில் வரவே இல்லை.

அன்று ராத்திரி போட்டோகிராபர் அண்ணனுக்கு போன் போட்டுப் புலம்பினேன். "ஆலங்காயத்துலதான இருக்க? நாளைக்கு சனிக்கிழமை. காவலூருக்குப் போய் அங்க இருக்கற கேமராவைப் பார்த்துட்டு வா" என்றார்.

காவலூர்: 2.34 மீட்டர் வாய்!

ஆலங்காயத்திலிருந்து மலைப்பாதையில் ஏறினால் காவலூர். மறுநாள் மதியம் மாமாவின் டூவீலரில் கிளம்பினோம். வளைவுகளில் ஏற ஏற காற்றில் சூடு குறைந்தது. மரங்களுக்கு நடுவே திடீரென்று வெள்ளையாக ஒரு குவிமாடம் தெரிந்தது. வைணு பாப்பு வான் ஆய்வகம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம்.

வைணு பாப்பு 1927-இல் பிறந்த வானியலாளர். ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, 1949-இல், வானத்தைப் படம் பிடித்த ஒரு தகட்டில் இதுவரை யாரும் பார்க்காத வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். இன்றும் அதற்கு அவர் பெயரும் சேர்ந்திருக்கிறது. இந்தியா திரும்பியவர், பெரிய தொலைநோக்கி வைக்க இருட்டான இடம் தேடினார். நகர விளக்குகளுக்கு எட்டாத, அதே சமயம் தென்வானத்தையும் நன்றாகப் பார்க்கக்கூடிய இடம் வேண்டும். தேடல் ஜவ்வாது மலையில் வந்து நின்றது. 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு காவலூரில் வேலை ஆரம்பமானது. 1972-இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் இருப்பது தெரியவந்த 1977 மார்ச் 10 இரவு, உலகில் அந்த நிகழ்வைக் கவனித்துக்கொண்டிருந்த இடங்களில் காவலூரும் ஒன்று.

பெரிய குவிமாடத்துக்குள் இருப்பது 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி. இந்தியாவிலேயே வடிவமைத்து, இந்தியாவிலேயே கண்ணாடியைத் தேய்த்து உருவாக்கியது. இருட்டில் நம் கண்ணின் பாப்பா அதிகபட்சம் 7 மி.மீ. அளவுக்கு விரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் கண்ணாடி நம் கண்ணைவிட ஒரு லட்சம் மடங்குக்கும் மேல் வெளிச்சத்தை அள்ளும்.

எனக்கு அங்கேதான் விஷயம் பிடிபட்டது. மழை பெய்யும்போது டம்ளரை வைத்தால் டம்ளர் தண்ணீர், அண்டாவை வைத்தால் அண்டா தண்ணீர். போன் லென்ஸின் வாய் சில மில்லிமீட்டர்தான். அண்ணன் கொடுத்த 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸின் வாய் கிட்டத்தட்ட 28 மி.மீ. எஃப் எண் சின்னதாக ஆக ஆக வாய் பெரிதாகும். எஃப் 5.6-க்கும் எஃப் 1.8-க்கும் இடையே உள்ள வித்தியாசம் சுமார் பத்து மடங்கு வெளிச்சம்!

கண்ணாடி அள்ளிக் கொடுக்கும் வெளிச்சத்தை வாங்கி வைக்க ஒரு பாத்திரம் வேண்டுமே? முன்பெல்லாம் அது ரசாயனம் பூசிய கண்ணாடித் தகடு. 1988 பிப்ரவரியில் ராஜமோகன் என்ற வானியலாளர் காவலூரின் 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியில் படமெடுத்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்குக் கணித மேதை ராமானுஜன் பெயர் வைக்கப்பட்டது. சிறுகோள்களைத் தேடிய அந்தத் திட்டத்தின் பெயர் 'கல்கி'.

தகடும் பிலிமும் தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்குச் சில பங்கைத்தான் பிடித்து வைக்கும். அந்த இடத்துக்கு வந்ததுதான் சிசிடி என்ற மின்னணுச் சில்லு. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் இருவரும் இதைக் கண்டுபிடித்தார்கள். 2009-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1975-இல் கோடாக் நிறுவனத்தின் ஸ்டீவன் சாஸன் இப்படிப்பட்ட சில்லை வைத்து ஒரு கேமராவைச் செய்தார். எடை 3.6 கிலோ. ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி. அதன் தெளிவு வெறும் 0.01 மெகாபிக்சல்! விழும் வெளிச்சத்தில் பெரும்பங்கைப் பிடித்துக்கொள்வதால், வானியலாளர்கள் தகட்டை விட்டுவிட்டு சிசிடிக்கு மாறினார்கள்.

நம் கேமராவிலும் இதே கதைதான். பாத்திரத்தின் பெயர் சென்சார். ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் பலவற்றில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சாரின் அளவு ஏறக்குறைய 23.5-க்கு 15.6 மி.மீ. பெரும்பாலான போன்களில் அகலம் 10 மி.மீ.க்குள் அடங்கிவிடும். ஃபுல் ஃபிரேம் என்பது 36-க்கு 24 மி.மீ. சென்சார் பெரிதாக ஆக ஆக கேமராவும் லென்ஸும் விலையும் சேர்ந்தே பெரிதாகும்.

ஒரு விஷயம் மட்டும் மனதை என்னவோ செய்தது. இத்தனை பெரிய தொலைநோக்கியைக் கனவு கண்ட வைணு பாப்பு 1982-இல் இறந்துபோனார். தொலைநோக்கி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது 1986 ஜனவரியில். அது எடுத்த ஒரு படத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. கீழே இறங்கும்போது வண்டியின் பின்னால் உட்கார்ந்து ஆயாவையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

மொட்டை மாடியில் கார்த்திகைப் பெண்கள்

அன்றிரவு மாமா வீட்டு மொட்டை மாடியில் டிரைபாடை நிறுத்தினேன். ஆயாவும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் வானம் வெளுத்திருந்தது. மலைப்பக்கம் நல்ல இருட்டு. காவலூர்க்காரர்கள் ஏன் மலை ஏறினார்கள் என்பது இங்கே நின்றாலே புரியும்.

"அதோ பாரு கார்த்திகை. ஆறு பொண்ணுங்க" என்று மேற்கே கையைக் காட்டினார் ஆயா. "இப்ப எனக்கு ஒரே மஞ்சாத்தான் தெரியுது. கண்ணு போச்சு."

50 மி.மீ. லென்ஸைப் போட்டேன். நட்சத்திரத்தை எடுக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. பூமி நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதிக நேரம் திறந்து வைத்தால் புள்ளி கோடாகிவிடும். அதற்கு ஒரு கைக்கணக்கு இருக்கிறது. 500-ஐ லென்ஸின் மி.மீ. அளவால் வகுக்க வேண்டும். ஏபிஎஸ்-சி கேமராவாக இருந்தால் மி.மீ.யை முதலில் ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். 50 மி.மீ. லென்ஸுக்கு 500 வகுத்தல் 75, அதாவது ஆறு விநாடி சொச்சம். 18 மி.மீ. என்றால் 18 விநாடி வரை போகலாம்.

எஃப் 1.8, ஆறு விநாடி, ஐஎஸ்ஓ 1600. கையால் அமுக்கினால் ஆடும் என்பதால் இரண்டு விநாடி டைமர். முதல் படம் மொத்தமும் மங்கல். இருட்டில் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. திரையில் ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, லென்ஸ் வளையத்தைக் கையால் திருப்பி, அது சின்னப் புள்ளியாகும் இடத்தில் நிறுத்தினேன். நாலாவது படத்தில் கிடைத்தது.

திரையைப் பெரிதாக்கி ஆயாவிடம் காட்டினேன். ஆறு பெண்கள் தனித்தனியாக நின்றார்கள். சுற்றிலும் இன்னும் நிறைய.

"ஆறுக்கு மேல கீதே!" ஆயா கேமராவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "சின்ன வயசுல களத்துல படுத்துகினு எண்ணுவோம். அதுக்கப்புறம் இப்பத்தான் பாக்கறேன்."

அண்ணன் கொடுத்த டிரைபாடின் மதிப்பு அப்போது தெரிந்தது. நல்ல கேமரா வாங்கிவிட்டு டிரைபாடுக்குக் காசு இல்லை என்று கைவிரித்தால், ராத்திரிப் படம் என்பதையே மறந்துவிட வேண்டியதுதான்.

வாசக்காலில் கிடைத்த படம்

மறுநாள் ஞாயிறு. காலையிலேயே விழித்துவிட்டேன். ஆலங்காயத்தில் சூரியன் மலையைத் தாண்டித்தான் வர வேண்டும். அதனால் விடிந்த பிறகும் கொஞ்ச நேரம் வெயில் படாமல், ஊர் முழுக்க மெத்தென்ற வெளிச்சம் மட்டும் இருக்கும். முகத்தைப் படமெடுக்க இதைவிட நல்ல விளக்கைக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது.

ஆயா வாசக்காலை ஒட்டி வீட்டுக்குள் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். வெளியிலிருந்து வெளிச்சம் நேராக முகத்தில் விழுந்தது. பின்னால் வீடு இருட்டு. நான் வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். 50 மி.மீ. லென்ஸ்தான். எஃப் 1.8-இல் எடுத்த முதல் படத்தில் ஒரு கண் கூர்மையாகவும் மறு கண் மங்கலாகவும் வந்தது. வாயை முழுக்கத் திறந்தால் கூர்மை விழும் ஆழம் அவ்வளவு குறைந்துவிடும். எஃப் 2.8-க்கு மாற்றினேன்.

கேமராவைப் பார்த்ததும் ஆயா விறைத்துப்போய் உட்கார்ந்தார். முந்தானையை இழுத்துவிட்டு, வாயை இறுக்கி, அடையாள அட்டைக்கு நிற்பது மாதிரி.

"ஆயா, இந்த வருஷம் புளி இன்னா விலை?"

"அதை ஏன் கேக்கற..." என்று நிமிர்ந்தார். மலைக்காரர்கள் என்ன சொன்னார்கள், வியாபாரி என்ன சொன்னான், தாத்தா இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று சொல்லிக்கொண்டே போனார். நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன். தாத்தா பேச்சு வந்தபோது எடுத்த படத்தில் ஆயா லேசாகச் சிரிக்கிறார். கையில் பாதி உடைத்த புளி. நெற்றியில் திருநீறு. கன்னத்திலும் கண்ணோரத்திலும் உள்ள ஒவ்வொரு கோடும் இருக்கிறது.

அம்மா கேட்ட கேள்விக்கான பதில் இப்போது என் கையில் இருந்தது.

என்ன வாங்கினேன்?

சென்னை திரும்பியதும் செகண்ட் ஹேண்டில் ஒரு டிஎஸ்எல்ஆர், கூடவே 18-55 லென்ஸ், 22,000 ரூபாய். பழைய 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் 6,000. டிரைபாட் 2,500. மெமரி கார்டும் பையும் 2,000. மொத்தம் 32,500. மிச்சம் 7,500 ரூபாயை அம்மா கையில் கொடுத்தேன். நகைச்சீட்டு ஆரம்பமாகிவிட்டது! விலை ஆளுக்கு ஆள், மாடலுக்கு மாடல் மாறும். ஆனால் நான் பார்த்து வாங்கிய விஷயங்கள் உங்களுக்கும் உதவும்.

* டிஎஸ்எல்ஆரா, மிரர்லெஸ்ஸா? கேனான், நிக்கான் இரண்டுமே இப்போது மிரர்லெஸ் பக்கம் போய்விட்டன. புதிதாக வாங்குபவர்கள் மிரர்லெஸ் வாங்குவது நல்லது. எடையும் குறைவு. கையில் பணம் குறைவு, கற்றுக்கொண்டால் போதும் என்பவர்களுக்குப் பழைய டிஎஸ்எல்ஆர் மலிவாகக் கிடைக்கும்.

* பணத்தைப் பிரியுங்கள். மொத்தத்தையும் கேமராவில் கொட்டாதீர்கள். எஃப் எண் குறைந்த ஒரு லென்ஸுக்கும் டிரைபாடுக்கும் முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

* லென்ஸ் பொருத்தம் சம்பந்தம் மாதிரி. ஒரு கம்பெனி லென்ஸ் இன்னொரு கம்பெனி கேமராவில் நேராக உட்காராது. இன்று எந்த வீட்டில் சம்பந்தம் செய்கிறீர்களோ, நாளைக்கும் அங்கேதான் லென்ஸ் வாங்க வேண்டும். நிக்கானின் ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. அவற்றுக்கு ஏஎஃப்-எஸ் போன்ற, மோட்டார் உள்ள லென்ஸ்தான் தானாக ஃபோகஸ் செய்யும்.

* மெகாபிக்சலைப் பார்த்து மயங்காதீர்கள். ஏ4 அளவில் தெளிவாக பிரின்ட் போட சுமார் 9 மெகாபிக்சல் போதும்.

* செகண்ட் ஹேண்ட் என்றால் லென்ஸை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை, வாங்காதீர்கள். ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்ற எண்ணைக் கேளுங்கள். உங்கள் மெமரி கார்டைப் போட்டு, வெள்ளைச் சுவரைப் படமெடுத்துக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையும் சோதியுங்கள்.

* வாங்குவதற்கு முன் இரவல் அல்லது வாடகை. இரண்டு நாள் கையில் இருந்தால் போதும், உங்களுக்கு எது தேவை என்று அதுவே சொல்லிவிடும்.

காவலூர் போகும் ஆசை வந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. பொதுவாக சனிக்கிழமைகளில்தான் பார்வையாளர்களை அனுமதிக்கிறார்கள். கிளம்பும் முன் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இணையதளத்தில் நாளையும் நேரத்தையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். மழைக்காலத்தில் வானம் மூடியிருக்கும். தை முதல் சித்திரை வரை நல்ல காலம். இருட்டிய பிறகு அங்கே டார்ச்சும் ஃபிளாஷும் வேண்டாம். நம் ஒரு நொடி வெளிச்சம் அவர்களுடைய ஒரு இரவு வேலையைக் கெடுத்துவிடும்.

பெட்டிக்குள் போன படம்

ஊரிலிருந்து கிளம்பும்போது ஆயா ஒன்று சொல்லியிருந்தார். "அதுக்குள்ளயே வெச்சிக்காத பாப்பா. கழுவி எடுத்துகினு வா."

போன வாரம் ஏ4 அளவில் பிரின்ட் போட்டு, ஃபிரேம் மாட்டி எடுத்துக்கொண்டு போனேன். ஆயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஃபிரேமின் மேல் விரலை வைத்துக் கன்னத்துக் கோடுகளைத் தடவினார்.

"இது நான்தான்" என்றார்.

கூடத்தில் தாத்தா பக்கத்தில் மாட்டட்டுமா என்று மாமா ஆணியைத் தேடினார். "இப்ப எதுக்குடா? நான் இன்னும் போகல" என்று ஆயா ஒரு அதட்டு போட்டார். எழுந்து போய்த் தன் இரும்புப் பெட்டியைத் திறந்தார். முகூர்த்தப் புடவையை எடுத்து, படத்தை அதில் சுற்றி, அடியில் வைத்து மூடினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினார்.

"ஆமா, உங்கம்மாவ எடுத்தியா?"

நான் முழித்தேன். என் போனில் ஆயிரக்கணக்கில் படங்கள் இருக்கின்றன. அம்மா தனியாக இருக்கும் படம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு லீவு. எங்கள் வீட்டில் காலை வெளிச்சம் எந்தச் சன்னலில் வருகிறது என்று இப்போதுதான் பார்த்து வைத்திருக்கிறேன்.